கரைக்கல்லை எழுதிய கை

மூன்று மணி நேரமாக நாற்காலி நுனியில் அமர்ந்து, பேசியவர் எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து நோவெடுத்துப் போயிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! இந்தப் பழைய பருத்தி ஆலையைப் பெருக்கித் துடைத்துக் கலைக்கூடமாக ஆக்கித் தந்த அன்பர்களே! முன்வரிசையில் குறிப்பேடும் கையுமாக வீற்றிருக்கும் பண்பாட்டு அலுவலகப் பிரிவுத் தலைவர் ஃபாங் அவர்களே! ஷாங்காயிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் கலை விமர்சகப் பெருமக்களே! என்னோடு நாற்பது ஆண்டுகள் மை தொட்டு, மை துடைத்து, மூப்பெய்தி நிற்கும் யுன்ஷா நகரத் தூரிகை எழுத்துச் சங்கத்துப் பெரியோர்களே! முதலில் விளிக்க வேண்டியவர்களை மேடை முறைப்படி முடிவில் விளிக்கிறேன்: கடைசி இரண்டு வரிசையிலே, வெந்நீர்க் குப்பியும் சூரியகாந்தி விதையுமாக வந்து அமர்ந்திருக்கும் ஆற்றங்கரைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஷியாங் தாவ்பிங்கின் வணக்கம்.

நின்றுகொண்டு பேசுவதா, உட்கார்ந்து பேசுவதா என்று கேட்கிறார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். நிற்கிறேன். அறுபத்தெட்டு வயதாகிறது. சங்கத்துக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தலைவன். எத்தனை மேடை, எத்தனை மாலை, எத்தனை நாடா வெட்டு! களைத்துவிட்டேன் தோழர்களே. உடம்புக் களைப்பென்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போகிற களைப்பாக இல்லை.

என் சட்டைப்பையில் ஒரு பேச்சு இருக்கிறது. ஃபாங் அவர்களின் அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தது, ஒன்றரைப் பக்கம். அதைப் படித்தால் ஏழு நிமிடத்தில் எல்லோரும் சாப்பிடப் போகலாம். யாரய்யா அங்கே கைதட்டுவது? பசிக்கிறதா? எனக்கும்தான் பசிக்கிறது. அந்தப் பேச்சில் இருப்பது இதுதான்: "இந்தச் சுவர்களில் தொங்கும் பத்தொன்பது தாள்களும் கருப்பும் வெள்ளையும் ஆடும் விளையாட்டு. இது தற்காலக் கலை. இதற்குள் எதையும் தேடத் தேவையில்லை." பத்தொன்பதாவது தாளை இங்கே மாட்ட அனுமதி கொடுத்ததே, நான் இந்த மூன்று வரியை மேடையில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான்.

காலையில் உள்ளே வரும்போது ஒரு பெரியவர் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் சொன்னார். "ஏன்டி, கருப்புத் தாள்ல வெள்ளைப் புள்ளி. இதுக்கா வரிசைல நின்னோம்? நம்ம வீட்டுச் சமையக்கட்டுச் சுவரே இதைவிட நல்லா இருக்குமே!" அந்த அம்மா விடவில்லை. "அதை நீ ஒரு நாளாவது தொடைச்சிருந்தா வெள்ளையா இருந்திருக்கும். வாயை மூடிட்டுப் பாரு." ஷாங்காய் விமர்சகர்களே, இன்று நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் சிறந்தது என்று தோன்றுகிறது.

அந்தத் தாள்கள் என்ன? எழுதியவையா? வரைந்தவையா? இரண்டும் இல்லை. நகர அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் கல்வெட்டுகளுக்குப் படி எடுத்த மியாவ் சூச்சின் அம்மையார் எடுத்த படிகள். கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பஞ்சுப் பொதியில் மை தொட்டுத் தட்டினால், கல்லின் மேடு கருப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். எழுத்துள்ள கல்லில் எடுத்தால் எழுத்து வரும். அம்மையார் எடுத்ததோ எழுத்தைக் கொத்தி எடுத்துவிட்ட கற்களில். அம்மை போட்ட முகம்போல் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஆகா, என்ன அமைதி!" என்றாராம். அமைதிதான். உளி வேலை முடிந்த பிறகு எந்தக் கல்லும் அமைதியாகத்தான் இருக்கும்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் பதவிக்கு வந்தார் என்றால் முதல் வாரத்திலேயே அவர் கையெழுத்து அழகாகிவிடும். பள்ளிக்கூட வாசலுக்கு அவர் எழுத்து, பாலத்துக்கு அவர் எழுத்து, பன்றிப் பண்ணைக்கும் அவர் எழுத்து. பதவி போன மறுநாள் அதே எழுத்து அசிங்கமாகிவிடும். மைதான் மாறியதா? தூரிகைதான் மாறியதா? எழுத்து நின்ற இடத்தில் நின்றது, எழுதியவர் உட்கார்ந்த இடம்தான் மாறியது. தூரிகை எழுத்தைக் கலை என்கிறோம், தவம் என்கிறோம், மனத்தின் கண்ணாடி என்கிறோம். எத்தனை மேடையில் நானே சொல்லியிருக்கிறேன்! எனக்கே கேட்கச் சலிக்கிறது.

நகரக் கட்சிச் செயலாளர் துவான் காலத்துக்கு வருகிறேன். ஃபாங் அவர்களே, தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னதற்கே முகம் சுண்டினால் எப்படி?

துவான் இந்த நகரத்தை ஒன்பது ஆண்டுகள் ஆண்டார். அவர் எழுத்து நகரமெங்கும் நாற்பத்து மூன்று இடங்களில் இருந்தது. தடித்த கோடு, தயங்காத வளைவு, தாவி முடியும் வால். பார்த்தவரெல்லாம் சொன்னார்கள், ஆளப் பிறந்தவரின் கை என்று. சங்கத்துப் பெரியோர்களே, நீங்களும் சொன்னீர்கள். ஆண்டு மலரில் பதினொரு பக்கம் எழுதினீர்கள். இப்போது ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்?

முதல் ஆண்டு வசந்த விழாவுக்கு முன்னால் துவான் என்னைக் கூப்பிட்டார். மேசையில் நூலகத்துக்காக அவர் எழுதிய தாள் கிடந்தது. "வாத்தியாரே, நீங்களே பாருங்க. கோழி கிளறின மாதிரி இருக்கு. ஒரே ஒரு கோட்டை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுத்துடுங்களேன். வெளில தெரியவா போகுது?" ஒரு கோட்டைச் சரிசெய்தேன். அடுத்த முறை ஓர் எழுத்தைச் சரிசெய்தேன். மூன்றாம் முறை அவர் வெறுந்தாளை நீட்டிச் சிரித்தார். "இதைச் சரி பண்ணிக் கொடுங்க."

அவ்வளவுதான் தோழர்களே. அந்த நாற்பத்து மூன்றும் நான் எழுதியவை. அவர் முத்திரை மட்டும் குத்தினார், சிலவற்றில் அதையும் குத்தவில்லை.

சத்தம் போடாதீர்கள். போடுங்கள், போடுங்கள், போட வேண்டியதுதான். "சும்மாவா எழுதிக் கொடுத்தே?" என்று யாரோ கேட்கிறீர்கள். சும்மா இல்லை. சங்கத் தலைவர் நாற்காலி கிடைத்தது. நகர மண்டபத்தில் முதல் வரிசை கிடைத்தது. அதுவரை என்னைக் கண்டால் மிதிவண்டி மணியை அடித்துவிட்டுப் போனவர்கள் இறங்கி நின்று கும்பிட்டார்கள். அது பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை துவானை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். பத்தே நாளில் ஆணை வந்தது: அவர் கைப்பட்ட எழுத்து எங்கிருந்தாலும் நீக்குக. முத்திரை இருந்தால் எளிது. முத்திரை இல்லாமல் அன்பளிப்பாகப் போன பலகைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? நிபுணர் வேண்டும். நகரத்திலேயே பெரிய நிபுணர் யார்? நான்தான். என் எழுத்தைத் தேடிப் பிடித்து, "இது துவான் கை" என்று காட்டிக் கொடுக்கிற வேலையை எனக்கே கொடுத்தார்கள். யாராவது இதைக் கதையாக எழுதிக்கொண்டு வந்தால், "போய்யா, நம்புற மாதிரி எழுது" என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஃபாங்கும் நானும் கூ என்ற கல் கொத்தரும் ஒரு வண்டியில் நகரம் சுற்றினோம். வண்டி நிற்கும். நான் இறங்குவேன். "ஆமாம், அவர் கைதான்." உளி இறங்கும். ஒரு நூடுல்ஸ் கடையில் முதலாளி மாவுக் கையோடு ஓடி வந்தார். "ஐயா, சாமி, பலகைய எடுத்துக்குங்க, வேணும்னா கதவையும் கழட்டிக்கிட்டுப் போங்க. அந்தாளு ஒரு தடவை இங்க சாப்பிட்டாருன்னு மட்டும் எழுதிடாதீங்க. அவரு சாப்பிடவே இல்ல, மோந்து பாத்துட்டுப் போயிட்டாரு!" நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஃபாங் கெட்டிக்காரர். பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். "எப்படி வாத்தியாரே இவ்வளவு சட்டுனு சொல்றீங்க? கண்ணுன்னா இதுதான் கண்ணு!" நானும் பெருமைக்காரன் ஆயிற்றே, விளக்கினேன். பாருங்கள், வால் இப்படித் தாவும். இந்த வளைவில் தூரிகை ஒரு கணம் நிற்கும். கற்றுக் கொடுக்கிறோம் என்ற கர்வம் எனக்கு. எதைக் கற்றுக் கொடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலில் வண்டி ஆற்றங்கரைக்கு வந்தது.

தாய்மார்களே, உங்கள் கல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெருவெள்ளம் வந்த ஆண்டு, விடியற்காலையில் கரை உடைகிற நேரத்தில், மணல் மூட்டையைத் தோளில் தாங்கித் தண்ணீருக்குள் கைகோத்து நின்றவர்கள் இருபத்தேழு பேர். கரை நின்றது, அவர்கள் திரும்பவில்லை. பதினான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கல்லறை இல்லை. ஆண்டுதோறும் முன்னோர் கல்லறை துடைக்கும் நாளில் அவர்கள் வீட்டார் போய்த் துடைப்பதற்கு இருந்தது அந்த ஒரு கல்லும் அதிலிருந்த பெயரும்தான்.

அந்தக் கல் நட்டபோது வழக்கப்படி துவானிடம் எழுத்துக் கேட்டார்கள். அவர் முகம் சுளித்தார். "சாவுப் பட்டியல்ல என் கையா? வேணாம் வாத்தியாரே, ஆகாது. முத்திரையும் வேணாம். யாரையாவது வெச்சு எழுதிக்கச் சொல்லுங்க." யாரை வைத்து எழுதுவது? நானே எழுதினேன். யாரும் கேட்காமல், எதற்கும் ஆசைப்படாமல், மூன்று நாள் உட்கார்ந்து இருபத்தேழு பெயரை எழுதிக் கல் கொத்துகிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். யார் எழுதியது என்று குடும்பங்களுக்குக்கூடத் தெரியாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் துவானுக்காக இல்லாமல் நான் எழுதியது அது ஒன்றுதான். ஆனால் கை என்னவோ அதே கைதானே? தாவுகிற வால் அங்கேயும் தாவியது. நிற்கிற வளைவில் அங்கேயும் நின்றது.

ஃபாங் கல்லைப் பார்த்தார். வளைவின் மேல் விரலை வைத்தார். "இதுவும் அவருதுதானே வாத்தியாரே? இங்க பாருங்க, தூரிகை நின்னிருக்கு. நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

என்னை நம்புங்கள், வாய் வரை வந்தது. இல்லை, இது என் கை என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்படியானால் மற்ற நாற்பத்து மூன்றும் யார் கை? நாற்காலி போகும், பெயர் போகும், விசாரணை அறையில் துவானுக்குப் பக்கத்து ஸ்டூல் எனக்குப் போடப்படும். கொத்தர் கூ உளியை இறக்காமல் நின்றார். "ஐயா, இதுல ஆளுங்க பேருல்ல இருக்கு?" என்றார். ஃபாங் சொன்னார், "பேரு யாரோடதுன்னு ஆணைல கேக்கலப்பா. கை யாரோடதுன்னுதான் கேட்டிருக்கு." பிறகு என்னைப் பார்த்தார். நான் "ம்" என்றேன்.

"ஆமாம்" என்றுகூட முழுதாகச் சொல்லவில்லை. "ம்" என்றேன். இருபத்தேழு பேரும் போனார்கள்.

மறுவாரம் சூச்சின் அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய கணவர் தியென் குவேய் அந்த இருபத்தேழு பேரில் ஒருவர், உடல் கிடைக்காத பதினான்கில் ஒருவர். வாசலில் நின்றபடியே கேட்டார். "வாத்தியாரே, நீங்க பெரிய மனுஷன், உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு. அந்தக் கல்லுல துவான் முத்திரையே இல்லீங்க. அது அவர் எழுத்து இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு இருந்த இடம் அது ஒண்ணுதாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிபுணர் குழு முடிவும்மா. என் கையில எதுவும் இல்லை." என் கையில் எதுவும் இல்லையாம்! தேநீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தினேன்.

அவர் அழவில்லை, மனுப் போட்டுக்கொண்டும் திரியவில்லை. ஈரத்தாளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். கொத்திய கல்லுக்குப் படி எடுத்தார். பிறகு ஊர் முழுவதும் கொத்திய பதினெட்டுக் கற்களுக்கும் படி எடுத்தார். அப்போதுதான் ஒரு கல் மட்டும் தனியாகத் தெரியாது என்று. மூன்று ஆண்டு. அதைத்தான் ஷாங்காய் இன்று தற்காலக் கலை என்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். பத்தொன்பதாவது தாளுக்கு முன்னால் காலையில் தாய்மார்கள் நின்றதைப் பார்த்தேன். ஒருவர் விரலால் எண்ணினார். "மூணாவது நெட்டு வரிசை, மேலேருந்து நாலாவது. இங்கதான் எம் புள்ள." அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெள்ளைக் குழிதான். அவர் அந்தக் குழியைத் தடவிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு என் பையில் இருந்த ஒன்றரைப் பக்கம் கனத்துவிட்டது.

கருப்பு வெள்ளை விளையாட்டு என்று இதைச் சொல்லவா என்னை மேடையேற்றினீர்கள்? எது விளையாட்டு? தண்ணீருக்குள் கைகோத்தது விளையாட்டா? கல்லில் பெயர் வைத்தது விளையாட்டா? கொத்தி எடுத்தது விளையாட்டா? குழியைத் தடவிய கை விளையாட்டா? எழுத்துக்கு அரசியல் இல்லை என்று எத்தனை நாள் சொல்வோம்? என் எழுத்து அழகாக இருந்தது, அது அரசியல். என் எழுத்து அசிங்கமானது, அதுவும் அரசியல். நான் "ம்" என்றேனே, அந்த ஓரெழுத்து அரசியலைத்தான் என்னால் சுமக்க முடியவில்லை!

ஃபாங் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, மெதுவாகச் சொல்கிறேன். அந்த ஆணையின் ஆறாம் விதி: பிறர் எழுத்து தவறுதலாக நீக்கப்பட்டிருந்தால், எழுதியவர் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், நகராட்சி அதை மீண்டும் பொறித்துத் தர வேண்டும். இதோ பலர். இதோ எழுதியவர். ஆற்றங்கரைக் கல்லை எழுதிய கை யார் கை? என் கை. நாற்பத்து மூன்றையும் எழுதிய கை யார் கை? என் கை. பொய் சொன்ன கை யார் கை? ஷியாங் தாவ்பிங்கின் கை! தேதி போட்டுக்கொள்ளுங்கள். சங்கத்துத் தலைவர் பதவியை இத்துடன் விட்டுவிட்டேன் என்றும் போட்டுக்கொள்ளுங்கள். கண்காட்சியை மூட வேண்டும் என்றால் என் பெயரை மூடுங்கள், அம்மையாரின் தாள்களை விட்டுவிடுங்கள். அவருக்கு இது எதுவும் தெரியாது. இப்போதுதான், உங்களோடு சேர்ந்துதான் அவரும் கேட்கிறார்.

தாய்மார்களே, ஒரே ஒரு வேண்டுகோள். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற தகுதி எனக்கில்லை. இந்தக் கை நடுங்காமல் இருக்கிற காலத்திலேயே அந்த இருபத்தேழு பெயரையும் மறுபடி எழுதித் தர அனுமதி கொடுங்கள். இந்த முறை அடியில் என் பெயரைப் போட்டு, மறைக்காமல்...

என்னம்மா? கடைசி வரிசையில் சூச்சின் அம்மையார் எழுந்து நிற்கிறார். ஒலிபெருக்கியைக் கொடுங்கள். வேண்டாம் என்கிறார். பேசுங்கள் அம்மா. மற்றவர்களுக்குக் கேட்காவிட்டால் நான் திருப்பிச் சொல்கிறேன்.

"அன்னிக்கு உங்க வாசல்ல 'நீங்க'ன்னு கூப்பிட்டேன். இனிமே அது வராது" என்கிறார். சரிதான் அம்மா. மேலே சொல்லுங்கள்.

"நீ எழுத வேணாம்" என்கிறார். "எவ்வளவு அழகா எழுதினாலும் நீ எழுத வேணாம். அழகா இருந்ததாலதானே கொத்தினாங்க? எங்க வீட்டுக்காரர் பேரை நான் எழுதிக்கறேன்" என்கிறார். பக்கத்தில் ஒரு தாய் சொல்கிறார், தனக்கு எழுத்து வராது, சந்தையில் கத்தரிக்காய் விலை எழுதித்தான் பழக்கமாம். சூச்சின் அம்மையார் சொல்கிறார், "வராட்டி என்ன? கோணலா எழுது. உன் புள்ளைக்குத் தெரியாதா உன் எழுத்து?" இருபத்தேழு வீடும் ஆளுக்கொரு பெயர் எழுதுமாம். இருபத்தேழு கை. நாளைக்கு எந்த நாற்காலி கவிழ்ந்தாலும், எந்த நிபுணர் வந்தாலும், இது இன்னார் கை என்று சொல்லிக் கொத்த முடியாதாம்.

நாற்பது ஆண்டு எழுத்து படித்த எனக்கு இது தோன்றவில்லை. கைதட்டுங்கள், இப்போது தட்டுங்கள்! எனக்கில்லை, பின்னால் திரும்பித் தட்டுங்கள்.

இருங்கள், இன்னும் ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் அம்மா. "உனக்கும் ஒரு வேலை இருக்கு. இருபத்தேழு பேருக்கும் மை வேணும். ஞாயித்துக்கிழமை காலைல ஆத்தங்கரைக்கு வா. வந்து, உக்காந்து, மைக்கட்டிய அரைச்சுக் குடு. பேசாம அரை."

வருகிறேன் அம்மா.

இவ்வளவு நேரம் பசியோடு பொறுத்த தலைவருக்கும் தோழர்களுக்கும் என் நன்றி. தாய்மார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மை அரைத்துத்தான் நன்றி சொல்ல வேண்டும். பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள், இப்போதிருந்தே தொடங்குகிறேன். எல்லோருக்கும் வணக்கம்.